பிளாக்தார்ன் கம்பு: வெட்டுவதிலிருந்து பழகுவதுவரை ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் மரபுக் கம்புச் சண்டையை ஐரிஷ் மொழியில் பாட்டரக்ட் என்பார்கள். அதற்கான கம்பை, பிளாக்தார்ன் என்ற முள்மரம் வளரும் வேலிப் புதரில் நாமே தேர்ந்து வெட்டி, உலர்த்தி, நிமிர்த்தி, எண்ணெய் பூசி, அதைப் பிடித்து ஒழுங்காக நிற்கக் கற்பதுவரை இங்கே எழுதியிருக்கிறேன். சுற்றுலாக் கடைகளில் தொங்கும் ஷில்லேலா நினைவுப் பொருள்களைப் பற்றி இதில் பேச்சில்லை. அவற்றைச் சுவரில் மாட்டலாம். இன்னொரு கம்போடு மோதவிடக் கூடாது.

புதியவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். பச்சைக் கம்பிலேயே முள்ளைச் சீவிவிடுவார்கள், பட்டையைத் தேய்த்துவிடுவார்கள், வார்னிஷும் அடித்துவிடுவார்கள். கோடை வருவதற்குள், கம்பின் தலையில் உருண்டிருக்கும் குமிழிலிருந்து கைப்பிடிவரை ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். அளவெடுத்தல், வெட்டுதல், உலர்த்துதல், நிமிர்த்துதல், சீவுதல், எண்ணெய் பூசுதல் என்ற வரிசை மாறக் கூடாது. இதில் உலர்த்துதலுக்கு மட்டும் ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும். அந்த ஓராண்டுதான் பயிற்சிக்கான காலம். ஆகவே பயிற்சிப் பகுதியை வழிகாட்டியின் நடுவில் வைத்திருக்கிறேன்.

## 1. முதலில் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள்

புதருக்கு முன்னால் போய் நின்ற பிறகு அளவைப் பற்றி யோசித்தால், கண்ணுக்கு அழகாகத் தெரிவதை வெட்டிக்கொண்டு வருவீர்கள். அது பெரும்பாலும் குட்டையாகவோ மெலிதாகவோ இருக்கும்.

இந்த வழிகாட்டியில் சொல்லும் பிடியில், கம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கை இருக்கும். கைக்குக் கீழே மிஞ்சும் பகுதி முன்கையோடு ஒட்டி நின்று முழங்கையைக் காக்கும். எனவே முஷ்டியை மடக்கி, அதிலிருந்து முழங்கை நுனிவரை அளந்து, இரண்டு விரற்கடை சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மூன்றால் பெருக்கினால் உங்கள் கம்பின் நீளம். முன்கை 30 சென்டிமீட்டர் உள்ளவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும்.

நடப்பதற்கும் அதே கம்பு வேண்டுமென்றால் சற்றுச் சமரசம் செய்ய வேண்டும். நடைக்கம்புக்குரிய அளவு, செருப்புடன் நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டு எலும்பிலிருந்து தரைவரை உள்ள உயரம். பெரும்பாலோருக்கு 85 முதல் 95 சென்டிமீட்டர். முதல் கம்பை நீளமாகவே விட்டுவையுங்கள். நீளத்தைக் குறைக்க எந்த நாளும் முடியும்.

தடிமன்: முடிந்த கம்பில் பிடிக்கும் இடம் 22 முதல் 25 மில்லிமீட்டர், குமிழுக்குக் கீழே 28 முதல் 30. உலரும்போது மரம் சுருங்குவதால், பச்சையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

மடக்கு ரம்பம், கிளை வெட்டும் கத்தரி, குறுகிய மண்வெட்டி, முழங்கைவரை நீளும் தடித்த தோல் கையுறை, கண்காப்புக் கண்ணாடி. உலர்த்தும் காலத்துக்கு மெழுகு அல்லது பழைய பெயின்ட், சணல் கயிறு, சமையலறைத் தராசு. கடைசிக் கட்டத்துக்கு கூரிய கத்தி, மர அரம், 120, 240, 400 எண் உப்புத்தாள்கள், ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு, ஒரு பித்தளைப் பூண்.

கண்ணாடியையும் கையுறையையும் பற்றி ஒரு வார்த்தை. பிளாக்தார்ன் முள் தோலுக்குள் முறிந்து தங்கிவிடும். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். மூட்டுக்குள் இறங்கினால் வாரக்கணக்கில் வீங்கி வலிக்கும். விரல் மூட்டில் குத்தி, மறுநாளும் வீக்கம் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய், குத்தியது பிளாக்தார்ன் முள் என்று சொல்லுங்கள். சாதாரண முள் என்று சொன்னால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

## 3. காலமும் அனுமதியும்

வெட்டுவதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி முடியவுள்ள குளிர்காலமே ஏற்றது. இலை உதிர்ந்து மரம் உறங்கும் காலம் அது. அப்போது வெட்டிய கம்பில் பட்டை இறுக ஒட்டி நிற்கும். வசந்தத்தில் வெட்டியதில் பட்டை உரிந்து வரும். இந்தக் கம்பின் அழகும் காப்பும் பட்டைதான்.

சட்டமும் அதே பக்கம்தான் இருக்கிறது. அயர்லாந்துக் குடியரசில் 1976-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தமும், பறவைகள் கூடு கட்டும் காலத்தைக் கருதி, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிப் புதர்களை வெட்டுவதைத் தடுக்கின்றன. மற்ற மாதங்களிலும் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பிளாக்தார்ன் வேர்விட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் பரவுவது அவர்களுக்கும் தொல்லை.

மேற்கே பர்ரன் சுண்ணாம்புக்கல் பகுதியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற வண்ணத்துப்பூச்சி பிளாக்தார்னின் இளங்கிளைகளில் முட்டையிடும். குளிர்காலம் முழுவதும் அந்த முட்டைகள் கிளையிலேயே இருக்கும். வேண்டிய தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள இளங்கிளைகளை விட்டுவிடுங்கள்.

நவம்பர் 11 அன்று பிளாக்தார்னை வெட்டக் கூடாது, புதரைக் காக்கும் தேவதைகள் கோபிக்கும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நிலத்துக்காரர் வயதானவராக இருந்தால் அந்த ஒரு நாளைத் தவிர்ப்பது மரியாதை.

## 4. சரியான மரம்தானா?

குளிர்காலத்தில் இலையும் பூவும் இல்லாதபோது பிளாக்தார்னையும் ஹாதார்னையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். இரண்டும் ஒரே வேலியில் பின்னிக்கொண்டு வளரும். பிளாக்தார்ன் பிளம் இனத்தைச் சேர்ந்தது. பட்டை கறுத்திருக்கும், முள்ளின் மேலேயே மொட்டுகள் இருக்கும். ஹாதார்னின் பட்டை சாம்பல் நிறம், அதன் முள்ளின் மேல் மொட்டு இருக்காது. சில கிளைகளில் ஸ்லோ என்ற கருநீலப் பழங்கள் வற்றித் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் எளிய வழி, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஒரு முறை நடந்து பார்ப்பது. இலை வருவதற்கு முன்பே வெள்ளைப் பூவால் மூடிக்கொண்டு நிற்பது பிளாக்தார்ன். ஹாதார்ன் இலைவிட்ட பிறகு மே மாதத்தில்தான் பூக்கும். இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு குளிர்காலத்தில் திரும்பி வாருங்கள்.

பிளாக்தார்ன் மட்டும்தான் என்று விதி எதுவும் இல்லை. ஓக், ஆஷ், ஹாலி, ஹேசல் எல்லாமே பயன்பட்டிருக்கின்றன. ஆஷ் இலகுவாக வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டின் மட்டைகளும் அதில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் 2012-இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட ஆஷ் கருகல் நோய் இப்போது நாடெங்கும் பரவிவிட்டது. நோய் தாக்கிய மரம் நொறுங்கும் தன்மை கொண்டது. பட்டுப்போன ஆஷ் மரத்திலிருந்து கம்பு எடுக்காதீர்கள்.

## 5. புதருக்குள் தேர்வு

நல்ல கம்பு புதரின் ஓரத்தில் கிடைக்காது. ஓரத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கிளைகள் கோணலாகப் பரவும். உள்ளே, வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே ஓடும். அங்கே போய்ச் சேருவது கடினம். கையுறையும் பொறுமையும் அதற்காகத்தான்.

தண்டின் முன் நின்று இந்த வரிசையில் பாருங்கள். முதலில் தடிமன்; உயரம் எவ்வளவு இருந்தாலும் அடி மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து வளைவு. நீண்டு சீராக ஓடும் வளைவைப் பின்னால் நிமிர்த்திவிடலாம். ஒரே இடத்தில் முழங்கால்போல் மடங்கிய திருப்பத்தை நிமிர்த்த முடியாது. பிறகு காயம்: பட்டையில் பிளவு, பூஞ்சை, பூச்சித் துளை, பக்கத்துத் தண்டு உரசிய தழும்பு. கடைசியாகத்தான் குமிழ்.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய, முண்டும் முடிச்சுமான குமிழைக் கண்டதும் மயங்கி, அதன் கீழே இருக்கும் கம்பைப் பார்ப்பதே இல்லை. கோழி முட்டை அளவுக் குமிழ் போதும். அதற்கு மேல் போனால் கம்பு தலைகனத்து, ஓங்கியதைத் திருப்பிக் கொண்டுவர மணிக்கட்டால் முடியாது. நல்ல கம்பின் எடை அரைக் கிலோவை ஒட்டி இருக்கும்.

## 6. வெட்டுதல்

குமிழ் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, தண்டு தடித்த கிளையிலிருந்து பிரியும் முட்டு. அங்கே பெரிய கிளையின் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டி எடுத்தால் குறுக்குக் கட்டைபோல் வரும். பின்னால் செதுக்கி உருட்டிக்கொள்ளலாம். மற்றொன்று, வேர்க்கட்டை. எனக்கு வேர்தான் பிடிக்கும். அங்கே மரநார்கள் ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் எளிதில் பிளக்காது.

வேரை எடுக்கத் தண்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் மண்வெட்டியை இறக்கி, பக்கவேர்களை அறுத்து, கீழ்வேரை ரம்பத்தால் வெட்டுங்கள். பிடித்து இழுக்காதீர்கள். இழுக்கும்போது தண்டும் வேரும் சேருமிடத்தில் உள்ளுக்குள் கீறல் விழும். ஓராண்டு கழித்துத்தான் அது வெளியே தெரியும். குழியை மண்ணால் மூடிவிடுங்கள். திறந்த குழியில் மாட்டின் கால் சிக்கினால் அடுத்த ஆண்டு உங்களுக்கு அனுமதி கிடைக்காது.

நுனிப் பக்கம் வேண்டிய நீளத்துக்கு மேல் 15 சென்டிமீட்டரும், குமிழுக்கு அப்பால் ஏழெட்டு சென்டிமீட்டரும் விட்டு வெட்டுங்கள். வெடிப்பு எப்போதும் வெட்டுமுனையில்தான் தொடங்கும். அது தின்றுபோக ஒரு துண்டு இருக்க வேண்டும்.

பக்கக் கிளைகளை ஒட்ட வெட்டாமல் இரண்டு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். முட்களையும் அப்படியே. ஒட்ட வெட்டினால் அந்த வாய் வழியாக ஈரம் வேகமாக வெளியேறி, கம்பின் உடலிலேயே கீறல் விழும். மூன்று நான்கு கம்புகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வெடித்தே தீரும்.

## 7. உலர்த்துதல்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மரம் வெளிப்பக்கமிருந்து காயத் தொடங்கும். வெளிப்புறம் சுருங்கும்போது உள்ளே ஈரத்தோடு பருத்தே இருப்பதால், வெளித்தோல் இறுகி வெடிக்கிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது காய வைப்பதைவிட, காய்வதைத் தாமதப்படுத்துவது.

வெட்டிய அன்றே இரண்டு முனைகளையும், கிளைகளை நறுக்கிய வாய்களையும் மெழுகாலோ பெயின்ட்டாலோ தடித்து மூடுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால், கண்ணுக்குத் தெரியாத கீறல் அதற்குள் விழுந்திருக்கும். வேர்க்குமிழை முழுவதுமாகவே மெழுகில் தோய்ப்பது நல்லது. கம்பைவிடப் பருமனான அது காய அதிகக் காலம் எடுக்கும். மண்ணைக் கழுவித் துடைத்த பிறகு மெழுகு பூசுங்கள்.

பட்டையை உரிக்கவே கூடாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் சட்டை அது.

பிறகு கம்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சணல் கயிற்றால் மூன்று நான்கு இடங்களில் கட்டுங்கள். கட்டில் இருக்கும்போது ஒன்றின் கோணலை மற்றொன்று ஓரளவு தாங்கிக்கொள்ளும். மாதம் ஒரு முறை அவிழ்த்து, இடம் மாற்றி, மீண்டும் இறுக்குங்கள். காயக் காயக் கயிறு தளர்ந்துபோகும்.

வைக்கும் இடம் நிழலாக, குளுமையாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். சூடேற்றாத கொட்டகை சரியான இடம். ரேடியேட்டருக்குப் பின்னால், கொதிகலன் அறையில், காரின் பின்புறத்தில் என்று வைத்துக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய நாளில் வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ தடவிப் புகைபோக்கிக்குள் ஏற்றிவைத்தார்கள் என்பது உண்மைதான். கொழுப்பு ஈரத்தைப் பிடித்துவைத்தது, கரி கறுப்பு மினுக்கைக் கொடுத்தது. ஆனால் அந்தப் புகைபோக்கி நாள் முழுவதும் பீட் என்ற சதுப்புநிலக் கரி புகைந்துகொண்டிருந்த அகன்ற அடுப்பினுடையது. இன்றைய இரும்பு அடுப்பின் குழாயில் வைத்தால் கம்பு எரிந்துவிடும்.

எவ்வளவு காலம் ஆகும்? ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பொதுக் கணக்கு. வேர்க்குமிழ் உள்ள கம்புக்கு இரண்டாண்டு வைத்தால் நிம்மதி. கணக்கைவிடத் தராசை நம்புங்கள். முதல் நாள் எடையைக் கம்பிலேயே ஒரு துண்டுச் சீட்டில் கட்டிவைத்து, மாதந்தோறும் எடை போட்டு எழுதிவாருங்கள். முதல் மாதங்களில் எடை மளமளவென இறங்கும், பிறகு மெதுவாகும். தொடர்ந்து மூன்று மாதம் எடை மாறவில்லை என்றால் கம்பு தயார்.

முனையில் சிறிய வெடிப்பு விழுந்தால் பதற வேண்டாம். கூடுதலாக விட்ட துண்டுக்குள் நிற்கும்வரை அதைத் தொடாதீர்கள். அதைத் தாண்டி ஓடினால் அந்தக் கம்பு நடைக்கு மட்டும்தான். பசை ஊற்றி ஒட்டி அடிப் பயிற்சிக்கு எடுத்துப்போகாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கு நேரேதான் அது பிளக்கும்.

## 8. காத்திருக்கும் காலத்தில்: பயிற்சிக் கம்பும் கவசமும்

கம்பு காய்ந்த பிறகு கற்கலாம் என்று இருந்தால், கற்காத கையில் நல்ல கம்பு வந்து சேரும். இப்போதே தொடங்குங்கள்.

தனிப் பயிற்சிக்கு ஹேசல் அல்லது ஆஷ் கம்பு போதும். இருவர் மோதும் பயிற்சிக்கு 25 மில்லிமீட்டர் பிரம்பு. பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும், திடீரென்று முறிந்து கூரான சிம்பாகாது. பிளாக்தார்னை இருவர் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் குமிழ் மெதுவாகப் பட்டாலும் எலும்பு தாங்காது.

கவசத்தில் தலைக்கே முதலிடம். வாள்வீச்சு முகமூடி கத்தியின் குத்துக்காகச் செய்யப்பட்டது. வலையைத் தாண்டிக் கம்பு உள்ளே வராது, ஆனால் அடியின் அதிர்ச்சி தலைக்குள் போகும். பின்மண்டையும் திறந்தே இருக்கும். மேலே திணிப்பு உறையும் பின்புறக் காப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது கை: மெல்லிய தோல் கையுறை போதாது, விரல்களைத் தனித்தனியே மூடும் தடித்த விளையாட்டுக் கையுறை வேண்டும். இந்தச் சண்டையில் அதிகம் அடிபடுவது விரல்கள்தான். முழங்கைக்கும் முழங்காலுக்கும் சாதாரணக் காப்புகள் போதும்.

## 9. பிடியும் நிலையும்

ஒரே முறை என்று எதுவும் கிடையாது. அயர்லாந்திலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போன டாயில் குடும்பத்தார் காத்துவந்த முறையில் இரு கைகளாலும் கம்பைப் பிடிப்பார்கள். குத்துச்சண்டையின் சாயல் அதில் தெரியும். ஆன்ட்ரிம் பகுதியைச் சேர்ந்த முறை ஒரு கைப் பிடி. இங்கே சொல்வது ஒரு கைப் பிடி. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓராண்டு அதிலேயே நில்லுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் வராது.

குமிழ் மேலே, மெலிந்த முனை கீழே. நடக்கும்போது குமிழ் கையில் இருக்கும்; சண்டையில் கம்பு தலைகீழாகிவிடும். புதியவர்கள் பழக்கத்தில் குமிழையே பிடிப்பார்கள், அல்லது கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல் கடைசி நுனியில் பிடிப்பார்கள். இரண்டிலும் முன்கைக்குக் காப்பு இல்லை.

கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் பிடித்து, கட்டைவிரலைக் கம்பின் முதுகோடு நீட்டி வையுங்கள். முஷ்டியாக மூடிப் பிடிப்பவர்களும் உண்டு. கட்டைவிரல் நீட்டினால் கம்பு எங்கே போகிறது என்பது கைக்குத் தெரியும் என்பதால் நான் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். கையை உயர்த்தித் தலையின் பக்கவாட்டுக்குக் கொண்டுவாருங்கள். கம்பின் மேற்பகுதி தலையைக் காக்கும், கீழ்ப்பகுதி முன்கையை ஒட்டி முழங்கையை மூடும். கண்ணாடியின் முன் நின்று பாருங்கள். முழங்கை வெளியே தெரிந்தால் பிடி நுனிப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

கால்கள் தோளகலத்தில், முழங்கால்கள் சற்றுத் தளர்ந்து. மற்ற கை சும்மா தொங்கக் கூடாது. மார்புக்கு முன்னால் தயாராக நின்று, வரும் கம்பைத் தட்டவும் பிடிக்கவும் வேண்டும். பழைய சண்டைகளில் கழற்றிய கோட்டை அந்தக் கையில் சுற்றிக்கொண்டார்கள். அதை இன்றைய பயிற்சியிலும் செய்து பார்க்கலாம்.

முதல் மாதம் இந்த நிலையில் நிற்பது, முன்னும் பின்னும் நகர்வது, இவ்வளவுதான். தோள் வலித்துக் கை கீழே இறங்கும். இறங்கும்போது அடிக்கக் கற்றால், இறக்கிய கையோடு அடிக்கும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதைப் போக்குவது பெரும்பாடு.

## 10. அடியும் தடுப்பும்

அடி மணிக்கட்டில் பிறந்து முழங்கை நீள்வதில் முடிகிறது. தோளைப் பின்னுக்கு இழுத்து ஓங்கினால் எதிராளிக்கு முன்கூட்டியே செய்தி போய்விடும், தலையும் திறந்துவிடும். காப்பு நிலையிலிருந்தே அடி புறப்பட வேண்டும், அதே பாதையில் திரும்ப வேண்டும். சிலம்பம் கற்றுவிட்டு வருபவர்கள் கம்பைச் சுழற்றி வேகம் சேர்க்கப் பார்ப்பார்கள். இங்கே கைக்கும் தலைக்கும் இடையே அவ்வளவு இடம் இல்லை.

நான்கு கோடுகளைப் பழகுங்கள்: வலமும் இடமும் மேலிருந்து தலைக்கு, வலமும் இடமும் கீழே முழங்காலுக்கு. பிறகு இரு கையாலும் கம்பைப் பிடித்துக் குமிழால் நேரே தள்ளுதல். தொங்கவிட்ட பழைய டயர் நல்ல இலக்கு. டயரைப் பலமாக அடிப்பதில் பெருமை ஒன்றுமில்லை. அடித்த கம்பு அடுத்த நொடி காப்பு நிலைக்கு வந்ததா என்று மட்டும் பாருங்கள். அடித்த இடத்திலேயே கம்பு தங்குவது புதியவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை.

தடுப்பில் கம்பைக் குறுக்காக எதிரே நீட்டாதீர்கள். நீட்டினால் அடி வழுக்கி விரல்களில் இறங்கும். கையை உயரத்தில் வைத்து, கம்பைச் சாய்த்து, வந்த அடி வெளிப்பக்கம் வழுக்கிப்போகும்படி செய்யுங்கள். கீழே வரும் அடிக்குக் கம்பை இறக்குவதைவிடக் காலைப் பின்னால் எடுப்பது மேல். கம்பை இறக்கியவரின் தலை அந்தக் கணம் காப்பின்றி நிற்கும்.

இருவர் பயிற்சியை மூன்று படியாக வையுங்கள். முதலில் ஒருவர் அறிவித்த கோட்டில் மெதுவாக அடிக்க, மற்றவர் தடுப்பது. பிறகு அறிவிக்காமல் அடிப்பது. அதன் பிறகே கட்டற்ற மோதல், அதுவும் மூன்றாவது ஆள் ஒருவர் நின்று பார்க்கும்போது. முகமூடியைக் கழற்றியபடி ஒரு அடியை மட்டும் காட்டிக் கொடுக்கிறேன் என்பவரோடு பயிற்சி செய்யாதீர்கள்.

## 11. நிமிர்த்துதல்

கம்பின் எடை இறங்குவது நின்றதும் திரும்பி வேலைக்கு வருவோம்.

கம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து, வளைவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பெரிய வளைவை முதலில் எடுங்கள். அது சரியானதும் சின்ன வளைவுகளில் பாதி தானாகவே மறைந்துவிடும்.

நிமிர்த்த நீராவியே பாதுகாப்பு. சூடான காற்றுத் துப்பாக்கி வேகமானது, ஆனால் பட்டையைக் கருக்கிவிடும். ஒரு முனை திறந்த குழாய்க்குள் கம்பை வைத்து, அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நீராவியைச் செலுத்துங்கள். வெளியே எடுத்ததும் ஓரிரு நிமிடங்கள்தான் மரம் வளையும். முழங்காலில் வைத்து, கையுறையோடு, மெதுவாக நேர்கோட்டைச் சற்றுத் தாண்டும்வரை வளையுங்கள். விட்டதும் மரம் கொஞ்சம் திரும்பும். பிறகு ஒரு நேரான பலகையோடு கட்டி, முழுவதும் ஆறி, ஒரு வாரம் போகும்வரை அவிழ்க்காதீர்கள்.

மரம் நெரியும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு மீண்டும் நீராவிக்கு அனுப்புங்கள். முழு நேர்க்கோடு தேவையில்லை. குமிழும் பிடியும் அடிமுனையும் ஒரே கோட்டில் இருந்தால் போதும், நடுவே சற்று நெளிந்திருப்பது இந்த மரத்தின் இயல்பு.

## 12. முள் சீவுதல், குமிழ் உருட்டுதல்

இப்போதுதான் கத்திக்கு வேலை. முள்ளின் அடித்தண்டைக் கொஞ்சம் விட்டு வெட்டி, அரத்தால் வழுவழுப்பான மொட்டாக உருட்டுங்கள். பிடிக்கும் இடத்தில் மட்டும் பட்டை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளங்கை கிழியும். மேல்பகுதியில் மொட்டுகள் நிற்பதுதான் பிளாக்தார்னின் முகம். எல்லாவற்றையும் மழித்துவிட்டால் அது எந்த மரத்தின் கம்பாகவும் இருக்கலாம்.

குமிழை முதலில் ரம்பத்தால் தோராயமாக வெட்டி, பிறகு அரம், பிறகு உப்புத்தாள் 120, 240, 400 என்று போகலாம். கூரான விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. விளிம்புதான் முதலில் சிம்பாகப் பெயரும். பட்டையில் உப்புத்தாளை வைக்காதீர்கள். கரடுமுரடான துணியால் அழுந்தத் துடைத்தாலே போதும்.

## 13. எண்ணெய், பூண்

ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு மீண்டும், இப்படி ஐந்தாறு பூச்சு. தடித்துப் பூசினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கடைசியாகத் தேன்மெழுகு. வார்னிஷ் வேண்டாம்: அடிக்கும்போது அது செதில் செதிலாகப் பெயரும், வியர்த்த கையில் வழுக்கும்.

எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். மடிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் மூழ்கவையுங்கள்.

அடிமுனைக்கு, உலக்கைக்குப் போடுவதுபோல் ஒரு பூண். முனையைப் பூணின் உள்ளளவுக்குச் சீராகச் சீவி, பசை தடவி, மரச்சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். கம்பின் நீளத்தை இறுதியாக வெட்டுவது இதற்கு முந்தைய கணத்தில்தான். அதுவரை நீளத்தில் கை வைக்க வேண்டாம்.

குமிழைக் குடைந்து ஈயம் ஊற்றும் பழைய வழக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. செய்யாதீர்கள். மரத்தில் துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும், அதன் ஆவி நஞ்சு, குடைந்த குமிழின் சுவரும் பலவீனமாகும். அதோடு நடைக்கம்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் போய்விடும். ஈயம் ஏற்றிய கம்பை எடுத்துக்கொண்டு தெருவில் போகிறவரிடம் காவலர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

## 14. பிறகு

ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் தடவுங்கள், குளிர்காலச் சூடேற்றி எரியும் வீட்டில் மூன்று முறை. கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தால் மீண்டும் வளையும். குமிழ் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள், அல்லது படுக்கவையுங்கள். விமானத்தில் கையில் எடுத்துப்போக முயன்றால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் பெட்டிகளோடு அனுப்பிவிடுங்கள்.

அடிப் பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கம்பை விரலால் முழுக்கத் தடவிப் பார்த்து, பூண் முனையைக் கல்தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல கம்பு கணீரென்று ஒலிக்கும். மழுங்கலாகவோ சலசலப்பாகவோ ஒலித்தால் உள்ளே எங்கோ பிளந்திருக்கிறது. அன்றோடு அதை நடைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உலரக் கட்டிவைத்திருக்கும் அடுத்த கம்பை எடை போடுங்கள்.